குடிக்காதவன் கையில் கயிறு

இந்தக் காலத்து டாக்டர்கள் தெரியாததையும் தைரியமாகச் சொல்கிறார்கள்.

“மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸுங்கய்யா. உடம்பைக் காக்கிற சக்தியே நரம்பு மேலிருக்கிற உறையை அரிச்சிடுது. அதான் தம்பி தள்ளாடறார், நாக்கு குழறுது. ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாதுங்க.”

போன திருவிழாவில் தள்ளாடிய என் மகன் செங்கோடனை ஊர் முன்னால் அறைந்து, இனிக் குடிக்க மாட்டேன் என்று முனியப்பன் கோயிலில் கயிறு கட்டவைத்தவன் நான்.

“குடிக்கலைன்னு அன்னைக்கே சொல்லக் கூடாதாடா?”

“சொன்னேன்ப்பா. ஊதிக் காட்டுன்னீங்க. ஊதினேன். பாக்குப் போட்டு மறைச்சுட்டேன்னீங்க.”

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கயிற்றை அவிழ்க்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டான்.

“வேண்டாம்ப்பா. அவுத்தா, மறுபடி குடிக்கிறான்னு ஊரே பேசும்.”

சொந்த உடம்பே ஒருவனை அரிக்குமா? நம்பாமலே வெளியே நடந்தேன். பின்னால் அவன் கால் தரையில் இழுபட்டு வந்தது.