முதல் சுற்றிலேயே அவுட்!

"பயந்துதான்யா செத்துட்டான் முசோண்டா! வேற ஒரு வியாதியும் இல்ல!"

கத்திக்கொண்டே சாவு வீட்டுக்குள் நுழைந்தான் ஜெரே. சாயம் போன பச்சை ஜெர்சி, கழுத்தில் ஒரு விசில்.

"அடுத்த மாசம் ஆப்பிரிக்கக் கோப்பை. நம்ம டீம் ஃபைனலுக்குப் போகும்னு இந்தக் கிட்வே ஊர் முழுக்கப் பீத்திக்கிட்டுத் திரிஞ்சான். போகாதுன்னு நான் சொன்னேன். தோத்துட்டா என் மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு முன்னாடியே கிளம்பிட்டான்!"

முற்றத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் சிரித்தார்கள். உள்ளே ஒப்பாரி கூட ஒரு நிமிஷம் தடுமாறியது.

கபாசோவுக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசியது. செத்தது அவன் கூடப்பிறந்த அண்ணன். பக்கத்து நாற்காலியில் இருப்பவரோ, துக்கம் கேட்கத் தலைநகர் லுசாகாவிலிருந்து அவனோடு வந்திருக்கும், அவன் வேலை பார்க்கும் பேங்க்கின் மேனேஜர். இந்த ஊர் வழக்கம் தெரியாத ஜோகன்னஸ்பர்க்காரர்.

"யார் கபாசோ இது? குடிச்சிருக்கானா?"

"யாரோ வெளியாள் சார்."

பெரியப்பா அவன் காதருகே குனிந்தார். "அவன் ங்கோனி. நாம பெம்பா. ரெண்டு இனத்துக்கும் நடுவுல கேலி முறைடா. சாவு வீட்ல அவங்க என்ன சொன்னாலும் கோவிச்சுக்கக் கூடாது. லுசாகா போனதும் மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஆனால் மேனேஜருக்கு இதையெல்லாம் உட்கார்ந்து விளக்கவா முடியும்?

ஜெரே நேராகச் சவப்பெட்டி அருகில் போய் நின்றான்.

"டேய் முசோண்டா! நம்ம ஃபார்வர்டுங்க கோல் போஸ்ட்டைக் கண்டா, மாமியார் வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி நெளியறானுங்க. கோல்கீப்பருக்குப் பந்து பிடிக்காது, சளிதான் பிடிக்கும். முதல் சுற்றுலயே அவுட்! கேட்டுதா? முதல் சுற்றுலயே அவுட்! தைரியம் இருந்தா எந்திரிச்சு வந்து சண்டை போடு, பாக்கலாம்!"

விசிலை எடுத்து ஊதினான்.

கபாசோ பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்தான்.

"செத்தவனுக்குக் கொஞ்சமாவது மரியாதை வேணாம்? வெளியே போடா!"

"மச்சான், இது முறை..."

"முறையாம் முறை! இனிமே இந்த வாசல்ல உன்னைப் பார்த்தேன், போலீஸைக் கூப்பிடுவேன்."

தள்ளிக்கொண்டே போய்த் தெருவில் விட்டுவிட்டு வந்தான். சிரிப்பு நின்றுபோயிருந்தது. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேனேஜர் மட்டும் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அண்ணி முதாலே வாசல்படிக்கு வந்தாள்.

"தம்பி, யாரை வெளிய தள்ளுனீங்க?"

"ஒரு குடிகாரன் அண்ணி. நீங்க உள்ள போங்க."

"ஜெரே அண்ணன் குடிக்க மாட்டாரு." அவள் குரல் உடைந்திருந்தது. "உங்க அண்ணன் படுக்கையில விழுந்ததுலேர்ந்து சாயங்காலம் தவறாம வந்தாரு தம்பி. படுக்கைத் துணிய மாத்தறதும் அவர்தான், ஒடம்பு துடைச்சு விடறதும் அவர்தான். நீங்க போன்ல எப்படி இருக்காருன்னு கேப்பீங்க இல்ல? உங்க அண்ணன் எங்கிட்ட வலியைச் சொல்ல மாட்டாரு, ஜெரே அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர் இல்லாம பெட்டிய எடுக்க விட மாட்டேன்."

கபாசோ செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனான்.

ஜெரே ரொம்ப தூரம் போயிருக்கவில்லை. மதில் சுவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஜெர்சியைத் தூக்கி வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தான். ஆளைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"போலீஸ் வந்துடுச்சா மச்சான்?"

"உள்ள வந்து அழுங்க. இங்க எதுக்கு..."

"அது எப்படி? முறைக்காரன் உள்ள அழலாமா? நானும் அழுதுட்டா முதாலேவுக்கு யாரு சிரிப்புக் காட்டுவா?"

கபாசோ பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் அறியாமலேயே கேட்டான்:

"நிஜமாவே நம்ம டீம் முதல் சுற்றுல போயிடுமா?"

ஜெரே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வெளிய சொல்லிடாதீங்க. கண்டிப்பா ஃபைனல். இப்படி ஒரு டீம் நமக்கு அமைஞ்சதே இல்ல."

"அப்புறம் எதுக்கு அண்ணன்கிட்ட தோத்துடும், தோத்துடும்னு..."

"நானும் ஃபைனல்னே சொல்லியிருந்தா யார்கூட சண்டை போடுவான்? என்னைத் திட்டணும்னுதான் மச்சான் அவன் எந்திரிச்சு உக்காருவான். திட்டத் தெம்பு வேணும்னு ரெண்டு வாய் நிஷிமா களி திம்பான். ஆறுதல் சொல்ல வர்றவங்களைப் பார்த்தா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவான்."

கபாசோவுக்குத் தன் போன் பேச்சு நினைவுக்கு வந்தது. 'எல்லாம் சரியாயிடும், நல்லா ரெஸ்ட் எடுண்ணே.' ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்லியிருந்தான். நேரில் ஒரு தடவை வந்து பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மன்னிச்சுடுங்க," என்றான். "வாங்க, உள்ள போகலாம்."

ஜெரே மூக்கை உறிஞ்சினான், விசிலைத் துடைத்தான், நுழையும்போதே ஆரம்பித்துவிட்டான். "பெட்டிய மூடாதீங்கய்யா! எங்கிட்ட தோத்ததை ஒத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க!"

முற்றம் மறுபடி சிரித்தது. முதாலேவும் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள்.

மேனேஜர் முகம் சுளித்தார். "அந்த வெளியாள் திரும்ப வந்துட்டானே கபாசோ?"

கபாசோ தலை நிமிரவில்லை.

"அவர் அண்ணனோட கூடப்பிறந்தவர் சார். வெளியாள் நான்தான்."