ஜட்ஜ் அம்மாவுக்கு எந்தப் பேட்டை?

"நிஜமாவே ஜட்ஜ்தானா, ஹாலிஸ்? நல்லா கேட்டியா?"

யூலா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் கேட்டாள். அவளுக்கு எதையும் ஒரே தடவையில் நம்பிப் பழக்கமில்லை.

"அட, அந்தம்மாவே சொன்னாங்க அக்கா. டொபாகோ கப்பல்லேருந்து இறங்கி நேரா என் டாக்ஸியிலதான் ஏறினாங்க. நாலு நாள் தங்கணுமாம். மராவல் கூட்டிட்டுப் போனேன். ரொம்ப அமைதியா இருக்கு, வேண்டாம்னுட்டாங்க. செயின்ட் ஜேம்ஸ் போனோம். தெரு பூரா சாப்பாட்டுக் கடை இரைச்சல், இதுல மேளம் எங்கே காதுல விழும்னாங்க. மேளச் சத்தம் நல்லா கேக்குற பேட்டையா வேணுமாம். பெல்மாண்டை விட்டா வேற எது? வந்துட்டே இருக்கோம். நீ வாடகைக்கு விடுற மாடி ரூமைப் பெருக்கி வை."

யூலா போனை வைத்தாள். கார்னிவல் திருவிழாவின் எஃகு மேளப் போட்டி நெருங்கும்போது டொபாகோ தீவிலிருந்து ஒரு ஜட்ஜ் வந்து இறங்கினால், எதற்கு வந்தார் என்று போர்ட் ஆஃப் ஸ்பெயினில் யாரும் கேட்பதில்லை.

வாசலுக்கு ஓடி, எதிர்க் கொட்டகையைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் செட்வின், வாடா இங்கே. நம்ம வீட்டுக்கு ஜட்ஜ் வராங்க."

எஃகு மேளக் குழுவின் தலைவனான அவள் தம்பி, குச்சிகளை இடுப்பில் செருகியபடி தெருவைத் தாண்டி வந்தான்.

"காலையிலேயே ரம் குடிச்சியா, அக்கா?"

"உன் வாயில மண்ணைப் போட. ஹாலிஸ் கூட்டிட்டு வரான். சத்தம் கேக்குற ரூம்தான் வேணுமாம்."

செட்வினின் கிண்டல் அப்படியே நின்றது. அவன் திரும்பித் தன் கொட்டகையைப் பார்த்தான். பின்னால் புதிதாக எழுந்திருந்த அடுக்குமாடிக் கட்டடத்தையும் பார்த்தான். அங்கே குடிவந்தவர்கள் அந்தக் கொட்டகையை மூடாமல் விடமாட்டோம் என்று குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருஷம் மட்டும் ஜெயிச்சுட்டோம்னா, ஒரு பய கொட்டகைமேல கை வைக்க முடியாது அக்கா. ஊரே நம்ம பக்கம் நிக்கும்."

"அதான் சொல்றேன். அவங்க கண்ணும் காதும் நம்மளை விட்டு அகலக் கூடாது."

"வயித்தை நீ சோறு போட்டுக் கவனி. காதை நான் பார்த்துக்கறேன்."

யூலா மாடிக்கு ஓடினாள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். போதாது என்று தோன்ற, இன்னும் கொஞ்சம் இழுத்தாள். திரைச்சீலை சத்தத்தை அமுக்குமோ என்று சந்தேகம் வந்ததும் அதையும் கழற்றி மடித்து வைத்தாள்.

டாக்ஸி வந்தது. குட்டையான உருவம், வெள்ளைத் தொப்பி, கறாரான முகம். பெயர் மிஸ் அலீன் என்றார். அறைக்குள் வந்ததும் குளியலறையைப் பார்க்கவில்லை, மெத்தையை அமுக்கிப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனார்.

"எதிர்ல இருக்கிறதுதான் மேளக் கொட்டகையா?"

"ஆமாம் மேடம். கட்டில்ல படுத்துக்கிட்டே ஒவ்வொரு மேளத்தையும் தனித்தனியா கேக்கலாம்."

"கதவைச் சாத்தினா?"

"சாத்தினாலும் கேக்கும் மேடம். அந்தக் கவலையே வேண்டாம்."

"அப்போ எனக்கு இந்த ரூம்தான்" என்றார் மிஸ் அலீன்.

யூலா படிக்கட்டில் இறங்கவில்லை, பறந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் செட்வின் கொட்டகையின் கதவுகளை அகலத் திறந்தான். மேளங்கள் தொங்கும், சக்கரம் வைத்த சட்டங்களை எல்லாருமாகத் தள்ளிக்கொண்டுவந்து, மாடி ஜன்னலுக்கு நேர் கீழே தெருவை அடைத்து நிறுத்தினார்கள். அவன் இரும்புத் துண்டைத் தட்டித் தாளம் எடுத்துக் கொடுத்ததும், குழு முழுவதும் ஒரே இடியாக இறங்கியது. யூலா வீட்டு அலமாரியில் தட்டுகள் குதித்தன. தெருவில் போனவர்கள் அப்படியே நின்று ஆடத் தொடங்கினார்கள்.

யூலா மீன் குழம்பும் வேகவைத்த மாவு உருண்டையும் எடுத்துக்கொண்டு மேலே போனாள். மிஸ் அலீன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். பிடித்திருக்கிறதா, இல்லையா? அந்த முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாட்டு முடிந்தது. வியர்வை சொட்டச் சொட்டச் செட்வின் மாடியேறி வந்தான்.

"தினமும் இப்படித்தானா, தம்பி?" என்று கேட்டார் மிஸ் அலீன்.

"இது என்ன மேடம், இன்னிக்கு அடக்கி வாசிச்சோம். வழக்கமா அந்த அடுக்குமாடியில கண்ணாடியெல்லாம் அதிரும்."

"அங்கே இருக்கிறவங்க எப்படித் தூங்குவாங்க?"

"எங்கே தூங்குறது? குழந்தைங்கள்லேருந்து கிழவங்க வரைக்கும் முழிச்சுக்கிட்டுதான் கிடக்கணும். அவ்வளவு சுத்தமான சத்தம் மேடம் நம்மளோடது."

"யாராவது குறைக்கச் சொன்னா?"

"இன்னும் ரெண்டு மேளம் சேர்த்துப்போம்."

சொல்லிவிட்டுச் செட்வின் சிரிக்க, யூலாவும் சிரித்தாள். இனியும் அவளால் அடக்க முடியவில்லை.

"சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். எங்களுக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?"

மிஸ் அலீன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இந்த ஊர் ஜட்ஜுங்க எல்லாருமே ஏதாவது ஒரு மேளக் குழுவோட ஆளுங்களாம். பாரபட்சம் இருக்கக் கூடாதுன்னுதான் டொபாகோவிலிருந்து என்னை வரவழைச்சிருக்காங்க."

"ரொம்ப நியாயம் மேடம். அப்போ மார்க்கு?"

"மார்க் போடுறது என் வேலை இல்லைம்மா. இந்தக் கொட்டகையை மூடணும்னு அடுக்குமாடிக்காரங்க கோர்ட்டுல அவசர வழக்கு போட்டிருக்காங்க, நாளைக்கு அதை விசாரிக்கப் போற ஜட்ஜ் நான்தான்."