வலது கயிறு

“அவசரக் குடையில எப்படி இறங்கணும்னு இன்னைக்கு நீங்களே குதிச்சுக் காட்டுங்க சார்.”

பயிற்சியாளரிடம் அப்படிக் கேட்கவே கூடாது என்று பாராசூட் மடிக்கும் வேலையில் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள். புது மாணவர்கள் அவரையே பார்த்தார்கள்.

இதே வட்டமான அவசரப் பாராசூட்டோடுதான் அவளுடைய அக்கா குதித்தாள். திருப்புகிற வலது கயிறு அறுந்து, காற்றை எதிர்த்துத் திரும்ப முடியாமல் சுவரில் மோதி இறந்தாள். ‘காலைச் சேர்த்து வைக்கத் தெரியவில்லை, அவள் தப்பு’ என்று விபத்து அறிக்கையில் எழுதிக் கதையை முடித்தவர் இவர்.

“கயிறு மாத்தினியாம்மா?”

“மூணு தடவை மாத்திட்டேன் சார்.”

“மூணு தடவையா? அது கயிறா, கைக்குட்டையா?” சிரித்துக்கொண்டே வாரை மாட்டினார்.

மூன்று முறையும் புதுக் கயிறு கட்டி, மடித்து முத்திரை வைத்திருந்தாள்; முத்திரை உடையவில்லை. பிரித்தால் உள்ளே அதே பழைய கயிறு, அதே இடத்தில் அறுந்து கிடந்தது. இன்று காலையும் பார்த்தாள். அப்படியே மடித்து முத்திரை வைத்தாள்.

மடிக்கும் அறையின் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே நடந்தாள்.