ஈரத்தில் தெரியும் நிறம்

கிணறு தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் அந்தக் கல்லை நான்தான் கண்டெடுத்தேன். கல் சேகரிப்போர் சங்கத்தில் சேர்ந்து ஐந்து மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் கல். தலைவர் தணிகாசலம் என்னைக் கேட்காமலே அதை வாங்கி, வாயைக் குவித்து அதன்மேல் துப்பினார். எச்சிலோடு ஒரு பாக்குத் துணுக்கும் வந்து ஒட்டியது. கட்டைவிரலால் தேய்த்தார். "ஈரம் பட்டாத்தாம்மா நெறம் தெரியும்." மங்கிய கல்லுக்குள் பச்சை வரிகள் எழுந்தன.

"தலைவர் எச்சிலோட மகிமையப் பாருங்கய்யா!" என்று யாரோ சிரித்தார்கள். வழவழத்த கல்லை என் உள்ளங்கையில் அவர் வைத்ததும் இரண்டு விரல் நுனியால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் சோப்புப் போட்டு நான்கு முறை கழுவினேன். காய்ந்ததும் நிறம் போய்விட்டது. தண்ணீர் விட்டால் பச்சை திரும்பியது. கூடவே அந்த வாயும் ஞாபகம் வந்தது. என் முதல் கல்லை நானே குப்பையில் போட்டேன்.

அடுத்த கூட்டத்துக்குத் தலைவர் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த மங்கையர்க்கரசி, கைக்குட்டையில் பொதிந்து வந்த தன் முதல் கல்லைக் கூச்சத்தோடு என்னிடம் நீட்டினாள்.

"நெறம் இருக்குமாக்கா?"

தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் வாயில் எச்சில் ஊறி நிறைந்திருந்தது.