ஏற்றுக்கொள்ளும் சொல்

"சிக்கோமா இல்லய்யா, தீங்கோமா! நாக்கப் பல்லுக்கு நடுவுல வைக்கச் சொன்னேன், கடிக்கச் சொல்லல."

அகனிசி இதைச் சொன்னது விருந்தாளி வந்த மூன்றாம் நாளா, நான்காம் நாளா என்று இப்போது அவளாலேயே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மழை விட்டிருந்தது என்று மட்டும் ஞாபகம். கண்டாவுத் தீவின் அந்தச் சிறிய விடுதியில் அவள்தான் சமையல். தங்கியிருந்தவர் ஒரே ஒருவர். நியூசிலாந்திலிருந்து வந்த ஹெட்லி, அறுபதைத் தாண்டியவர். காலைச் சாப்பாடு முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு சமையற்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

"எழுத்துல வேற மாதிரி இருக்கே, அகனிசி."

"எழுதி வச்சது உங்க ஆளுங்க. பேசுறது நாங்க. யாரை நம்புறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. வருகிற விருந்தாளிகள் 'ம்புலா' என்று வணக்கம் சொல்லவும், 'வினாகா' என்று நன்றி சொல்லவும் கற்றுக்கொள்வார்கள். அதோடு கடலில் குளிக்கப் போய்விடுவார்கள். இவர் அந்த இரண்டையும் முதல் நாளே முடித்துவிட்டார். இவருக்கு வேண்டியிருந்தது வேறு. இந்த ஊர் முறைப்படி ஒன்றைக் கேட்டு வருகிறவர் திமிங்கிலப் பல்லை நீட்டும்போது, 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்கிற சொல்.

மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே அகனிசி கேட்டாள்.

"உங்களுக்குப் பல்லு யாரு குடுக்கப் போறாங்க? ஓ... பொண்ணு கேட்டு எங்க பையன் எவனாவது வர்றானா?"

ஹெட்லி கடல் பக்கம் திரும்பினார்.

"பொண்ணுக்காகத்தான்."

"அடேயப்பா! அப்ப நீங்க எங்களுக்குச் சம்பந்தி. ஒழுங்கா கத்துக்கணும். தலையக் குனிஞ்சுக்கிட்டு ரெண்டு கையால நீட்டுவாங்க. லபக்குனு பிடுங்கிடாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும். அப்புறம் நீங்களும் ரெண்டு கையால வாங்கணும்."

"வாங்காம விட்டா?"

கத்தி நின்றது.

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்குய்யா. கல்யாணத்துக்கு இல்ல, மன்னிப்புக் கேக்கக் கொண்டுபோனது. என் வீட்டுக்காரர் அபெனிசா படகு ஓட்டினவர். ரெண்டு வருஷத்துக்கு முந்தி பவளப்பாறைக்கு வெளிய அலை புரட்டிடுச்சு. ஏறி வந்தவங்கள்ல ஒரு உயிர் போச்சு. ஊர் ஆம்பளைங்க பல்ல எடுத்துக்கிட்டு இவரையும் கூட்டிக்கிட்டு தலைநகரம் சுவா வரைக்கும் போனாங்க. செத்தவங்க குடும்பம் தங்கியிருந்த ஹோட்டல் அறை வாசல்ல, தரையில உக்காந்து நீட்டினாங்க. கதவச் சாத்திட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? படகு கவுந்தபடியே ஈரப்பலா மரத்தடியில கிடக்கு. ஆம்பளைங்க யங்கோனா குடிக்கக் கூடினா இவர் போறதில்ல. ஆள் விட்டுக் கூப்பிட்டாலும் போறதில்ல. வாங்காத பல்ல வீட்டுல வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட போறதுங்கறார். எங்கிட்டயே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். இப்படியே முடிஞ்சிடுவாரோன்னு பயமா இருக்கு."

மறுபடி கிழங்கைச் சீவத் தொடங்கினாள்.

"கதவச் சாத்தினவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. வயித்தெரிச்சல்ல இருக்கறவங்களுக்கு அது என்னன்னு யாரு எடுத்துச் சொன்னா?"

 ஹெட்லியின் பென்சில் முனை தாளில் ஊன்றிய இடத்திலேயே இருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக் கொஞ்சம் வழிந்தது. அவள் எழுந்து அதை இறக்கி வைத்துவிட்டு வந்தபோதும் அவர் அப்படியே இருந்தார்.

பிறகு, "தீங்கோமா" என்றார். ஒரு பிசிறில்லை.

"பாத்தீங்களா! இவ்வளவுதான். உங்க பொண்ணு குடுத்து வச்சவ."

அவர் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அவருக்கென்று எடுத்து வைத்த மீனைத் தட்டுப்போட்டு மூடிவிட்டு, சாயங்காலம் அகனிசி வீட்டுக்குத் திரும்பினாள். வாசற்படியில் ஒரு ஜோடி கேன்வாஸ் செருப்பு, மணல் தட்டி, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே, பாயில், அபெனிசாவின் நெற்றி தரையைத் தொட்டுவிடும்போல் குனிந்திருந்தது. நீட்டிய இரண்டு கைகளிலும் பல்.  எதிரே உட்கார்ந்திருந்தவர், அவள் சொல்லிக்கொடுத்தபடியே, கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு இரண்டு கையாலும் அதை வாங்கினார்.

"தீங்கோமா" என்றார், கடலில் போன பெண்ணின் அப்பா.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஹெட்லி ஊர் திரும்பினார், மறுவாரம் அபெனிசா படகை நிமிர்த்தினான். அந்தப் பெண் மட்டும் இன்றுவரை கரை ஒதுங்கவில்லை.