எதிர்ப்பக்க எடை

குமுளியைத் தாண்டி இருந்த அந்தத் தேயிலை ஃபேக்டரியில், இலையை உலர்த்த அனல்காற்று ஊதும் விசிறிக் கூட்டின் கதவை ஜெகன் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது.

சுற்றுகிற இயந்திரங்களின் உதறலைச் சரிசெய்து கொடுப்பது அவன் தொழில். எத்தனையோ அழுக்கைப் பார்த்தவன்தான்.

தேயிலைத் தூளும் கிரீஸும் கலந்து இறக்கைகளின் முதுகில் விரற்கடை கனத்துக்கு இறுகிக் கிடந்தன. சுரண்டியால் தட்டினான். பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஒரு பாளத்துக்குள் பல்லி ஒன்று வெந்து, காய்ந்து, ஒட்டியிருந்தது.

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டான்.

ஒரு பக்கம் இப்படிக் கனம் ஏறினால் விசிறி உதறத்தான் செய்யும். அப்படி உதறித்தான் ஒன்றரை மாதத்துக்கு முன் ஓர் இறக்கை பிய்ந்து, தகரக் கூட்டைக் கிழித்துக்கொண்டு, தூள் சலித்துக்கொண்டிருந்த மாரித்தாயின் மேல் பாய்ந்தது. வலது கையை எடுத்துவிட்டார்கள்.

கண் இருக்கிற எவனாவது ஒருமுறை இந்தக் கதவைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

பிய்ந்த இடத்தில் புது இறக்கை மாட்டியிருந்தார்கள். மிச்சத்தைச் சுரண்டி முடித்து, விசிறியை ஓட்டி அதிர்வை அளந்தான். எங்கே கனம் கூடுகிறது என்று கணக்குப் போட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டைப் பற்றவைத்தான். மறுபடி ஓட்டியபோது தரையின் நடுக்கம் நின்றிருந்தது.

மேனேஜர் ஜோபி பன்னைக் கடித்தபடி வந்தார். அந்தப் பொம்பளை நிற்கக் கூடாத இடத்தில் நின்றாள், வேறென்ன என்றார், மெல்லுவதை நிறுத்தாமல். ஜெகனுக்கு அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

ஆபீஸில் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். சுவரோரப் பெஞ்சில் மாரித்தாய். முந்தானையால் வலது தோளை மூடியிருந்தாள்.

ஜோபி ஒரு தாளை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். விபத்துக்குப் பத்து நாள் முன்பு விசிறியைத் திறந்து பரிசோதித்ததாகவும், எல்லாம் சரியாக இருந்ததாகவும் அதில் எழுதியிருந்தது.

அப்படியானால் மெஷினில் கோளாறு இல்லை என்று முடித்துவிடலாமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஜெகனைப் பார்த்துத்தான் கேட்டார்.

மாரித்தாயும் நிமிர்ந்து பார்த்தாள்.

எத்தனை முறை தேய்த்துக் கழுவியும் விரல்களில் அந்த நாற்றம் போகவில்லை. தாளின் அடியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தான்.

"கையெழுத்து என்னோடதுதான் சார். ஆனா அன்னைக்கு நான் மலையே ஏறல. கீழ கம்பத்துல, என் வீட்டுல உக்காந்து எழுதினது."