ஸ்கேல் வைத்து அடித்த தப்பு

எளிதில் பிடிபடாத கணக்கொன்றைக் கொடுத்து, தப்பாகப் போட்டதையும் அழிக்காமல் அடித்துக் காட்டி எழுதி வரச் சொல்லியிருந்தார் பூங்கோதை டீச்சர். திங்களன்று முப்பத்தொன்பது நோட்டிலும் ஒரே விடை. மூன்றாம் வரியில் ஒரே தப்பு, அதன்மேல் ஒரே கோடு. டியூஷனில் தப்பையும் சேர்த்தே போர்டில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

மெர்சியின் நோட்டில் மட்டும் விடை இல்லை. ஏழு பக்கம், ஏழு விதமாக முட்டி மோதியிருந்தாள். டீச்சர் வகுப்பையே கைதட்டச் சொன்னார்.

மறுநாள் அவள் அம்மா வந்து நின்றார். "கணக்கு வராத புள்ளைக்குக் கைதட்டி மானத்த வாங்கிட்டீங்களே டீச்சர்! இன்னியிலேருந்து அவளும் டியூஷன் போறா."

அடுத்த திங்கள் புதுக் கணக்கு. மெர்சியின் விடை சரி. ஐந்தாம் வரியில் ஒரு தப்பு, அதன்மேல் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.

நாற்பது நோட்டிலும் அதே கோடு.